பப்மெட்டில் தேடிப் பழகுவோம்

சர்க்கரை நோய்க்கு வெந்தயம் கேட்குமா? கூகுளில் தட்டினால் விளம்பரமும் வதந்தியும் கலந்து வந்து விழும். இதே கேள்விக்கு ஆய்வாளர்கள் போகிற இடம் பப்மெட். அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிற தரவுத்தளம் இது. 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். பெயரைப் பதிவு செய்யக்கூட வேண்டாம். மருத்துவம், உயிரியல் சார்ந்த மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது.

விவரம் என்றால் தலைப்பு, எழுதியவர்கள், இதழ், ஆண்டு. பெரும்பாலானவற்றுக்குச் சுருக்கமும் உண்டு. முழுக் கட்டுரை எல்லாவற்றுக்கும் கிடைக்காது. முழுதாகப் படிக்கக் கிடைப்பவை மட்டும் போதும் என்றால், இடப்பக்கம் 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். பப்மெட் சென்ட்ரல் என்று இதற்கு ஒரு துணைக் களஞ்சியமும் 2000-லிருந்து இருக்கிறது. அதில் உள்ளவை முழுக் கட்டுரைகள்.

தேடுவது ஆங்கிலத்தில்தான். முழு வாக்கியம் வேண்டாம், முக்கியமான சொற்கள் போதும். 'ஹார்ட் அட்டாக்' என்று நாம் பேச்சுவழக்கில் தட்டினாலும், மருத்துவர்கள் எழுதுகிற 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்பதையும் சேர்த்தே அது தேடும். 'மெஷ்' என்று நூலகம் பராமரிக்கும் சொற்பட்டியல் இந்த வேலையைச் செய்கிறது. சொற்களுக்கு மேற்கோள்குறி போட்டுவிட்டால் இந்த உதவி நின்றுவிடும்; அதனால் முதல் தேடலில் மேற்கோள்குறி வேண்டாம்.

ஒன்றைத் தேடிப் பார்ப்போம். காசநோய், வீடு, சானடோரியம், தென்னிந்தியா ஆகிய நான்கையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1959-ல் வந்த சென்னை ஆய்வு கிடைக்கும். நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினரை வீட்டிலும் இன்னொரு பிரிவினரை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் சாப்பாடும் குறைவு, இடமும் நெருக்கடி. அப்படியிருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்று உலகம் ஏற்றுக்கொள்ள வழிசெய்த ஆய்வுகளில் இது முக்கியமானது. நம் ஊரில் நடந்த அந்த ஆய்வை முழுதாக, காசில்லாமல் இன்று கைபேசியிலேயே படிக்கலாம்.

கட்டுரை கிடைத்ததும் சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா, எலிகளிடமா? எத்தனை பேரிடம்? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு இருந்ததா? பணம் கொடுத்தது யார்? பப்மெட்டில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை சரி என்று ஆகிவிடாது. பின்னால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளும் அங்கே உண்டு. பக்கத்தின் மேலேயே அதற்கான அறிவிப்பு இருக்கும், பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு ஆய்வை நம்பி முடிவுக்கு வராமல், 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்ற வடிகட்டியைப் போடுங்கள். ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி, எடைபோட்டு எழுதிய கட்டுரைகள் வரும்.

படித்ததை வைத்து நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அச்செடுத்து மருத்துவரிடம் கொண்டுபோய், "இது எனக்குப் பொருந்துமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.