வீட்டு விளக்குகளில் மின்சேமிப்பு

வீட்டு விளக்குகளில் மின்சேமிப்பு என்பது, தேவையான ஒளியைக் குறைத்துக்கொள்ளாமல், அவ்வொளியைப் பெறச் செலவாகும் மின்னாற்றலைக் குறைப்பதாகும். அரையிருளில் அமர்ந்து படிப்பது மின்சேமிப்பு ஆகாது. குண்டு பல்பு எனப்படும் இழைவிளக்கு, டியூப் லைட் எனப்படும் குழல்விளக்கு, சி.எஃப்.எல் எனப்படும் குறுங்குழல் விளக்கு, எல்.ஈ.டி எனப்படும் ஒளியுமிழ் இருமுனைய விளக்கு ஆகியவை வீடுகளில் பயன்பட்டுவரும் முதன்மையான விளக்கு வகைகளாகும்.

வாட்டும் லூமெனும்

வாட்டு என்பது விளக்கு உட்கொள்ளும் மின்திறனின் அலகு; அது ஒளியின் அளவன்று. விளக்கு வெளியிடும் ஒளி லூமென் என்னும் அலகால் அளக்கப்படுகின்றது. இழைவிளக்கு மட்டுமே புழங்கிய காலத்தில் வாட்டைக் கொண்டே வெளிச்சத்தை மதிப்பிட முடிந்தது. "அறுபது பல்பு", "நூறு பல்பு" என்று கடையில் கேட்கும் வழக்கம் அவ்வாறு ஏற்பட்டதே. விளக்கு வகைகள் பெருகிய பின்னர் அவ்வழக்கம் பொருளற்றதாகிவிட்டது. 60 வாட்டு இழைவிளக்கு ஏறத்தாழ 700 லூமென் ஒளியைத் தருகின்றது. அதே அளவு ஒளியைக் குறுங்குழல் விளக்கு 14 வாட்டிலும், எல்.ஈ.டி விளக்கு 7 முதல் 9 வாட்டிலும் தருகின்றன. எனவே விளக்கு வாங்குவோர் உறையில் அச்சிடப்பட்டுள்ள லூமென் எண்ணை வாட்டு எண்ணால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஈவு பெரிதாக உள்ள விளக்கே சிக்கனமானது.

இவ்வேறுபாடு ஒளி உண்டாகும் முறையால் விளைவது. இழைவிளக்கில் டங்ஸ்டன் கம்பி வெண்சூடாகும்வரை சூடேற்றப்படுகின்றது. உட்கொண்ட ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் வெப்பமாகவே வெளியேறுகின்றது. குழல்விளக்கிலும் குறுங்குழல் விளக்கிலும் பாதரச ஆவியினூடே மின்சாரம் பாயும்போது புறஊதாக் கதிர் தோன்றுகின்றது. குழலின் உட்பூச்சு அதனைக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியாக மாற்றுகின்றது. எல்.ஈ.டி விளக்கில் குறைகடத்திச் சில்லு நேரடியாக நீல ஒளியை உமிழ்கின்றது. அதன்மேல் உள்ள மஞ்சள் பூச்சு அதனை வெண்ணொளி ஆக்குகின்றது. இதற்கு வழிவகுத்த நீல எல்.ஈ.டியை உருவாக்கிய இசாமு அகசாகி, இரோசி அமானோ, சூச்சி நாக்கமுரா ஆகியோர் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

எதனை முதலில் மாற்றுவது?

மின்கட்டணத்தைத் தீர்மானிப்பது வாட்டு மட்டுமன்று, எரியும் நேரமும் ஆகும். நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரியும் 60 வாட்டு இழைவிளக்கு இரண்டு மாதத்தில் 18 அலகு மின்சாரம் உட்கொள்ளும். 9 வாட்டு எல்.ஈ.டி விளக்கிற்கு 2.7 அலகு போதும். மாறாக, நாளில் ஐந்து நிமிடம் மட்டும் எரியும் பரண் விளக்கை மாற்றுவதால் குறிப்பிடத்தக்க சேமிப்பு இல்லை. அது பழுதாகும்வரை விட்டுவைக்கலாம். இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் வீட்டு நுகர்வு ஏற ஏற அலகுக்கான கட்டணமும் படிப்படியாக ஏறுகின்றது. ஆதலால் சேமிக்கப்படும் அலகுகள் பட்டியலின் மிகு கட்டணப் படியிலிருந்தே முதலில் கழிகின்றன.

இங்கு "ஜீரோ வாட்" பல்பைக் குறிப்பிட வேண்டும். பெயர் அவ்வாறிருப்பினும் இழைவகையைச் சேர்ந்த இவ்விரவு விளக்கு 12 முதல் 15 வாட்டு வரை உட்கொள்கின்றது. பழைய சுழல்தட்டு மின்னளவிகள் இச்சிறு அளவைச் சரிவரப் பதியாததால் இப்பெயர் வந்தது என்பர். இரவு முழுவதும் எரிவதால் இரண்டு மாதத்தில் 6 முதல் 8 அலகு வரை செலவாகின்றது. அரை வாட்டு எல்.ஈ.டி இரவு விளக்கிற்குக் கால் அலகுக்குச் சற்று மேல் ஆகும்.

பழைய 40 வாட்டுக் குழல்விளக்கின் கணக்கும் இத்தகையதே. அதனுடன் இணைந்த செப்புச் சுருள் சோக் தனியாக 10 வாட்டுக்கு மேல் உட்கொண்டு சூடாகின்றது; ஆக 50 வாட்டுக்கு மேல் செலவாகின்றது. இதற்கு மாற்றாக 20 வாட்டு எல்.ஈ.டி குழல் பொருத்தப்படுகின்றது. இதன் மொத்த லூமென் சற்றுக் குறைவே. ஆயினும் பழைய குழல் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிட, இது அறையை நோக்கியே ஒளியைச் செலுத்துவதால் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. பழைய சட்டத்திலேயே எல்.ஈ.டி குழலைப் பொருத்துவதாயின், சோக், ஸ்டார்ட்டர் ஆகியவற்றை நீக்கி இணைப்பை மாற்ற வேண்டுமா என்பதை உறையில் பார்த்து, மின்பணியாளரைக் கொண்டு செய்வித்தல் நலம்.

பயன்படுத்தும் முறை

எல்.ஈ.டி விளக்கிற்கு வெப்பமே பகை. அதன் அடிப்பகுதியில் உள்ள மின்னணுச் சுற்று சூட்டினால் கெடுகின்றது. காற்றோட்டமற்ற மூடிய கண்ணாடிக் கூண்டினுள் பொருத்தினால், உறையில் குறித்த ஆயுட்காலத்தை அது எட்டாது. குறுங்குழல் விளக்கின் ஆயுள் அடிக்கடி போட்டு அணைப்பதால் குறைகின்றது. குளியலறைக்கு அது ஏற்றதன்று. குழல்விளக்கை எரியவைக்கும் நொடியில் மிகுந்த மின்சாரம் செலவாகும், ஆகவே அணைக்காமல் விடுவதே சிக்கனம் என்னும் கருத்து தவறானது. அம்மிகைச் செலவு சில நொடிகள் எரிவதற்கு ஒப்பானதே.

விளக்கு இருக்கும் இடமும் கருதத்தக்கது. சிறு விளக்கொன்றிற்கும் நூலுக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால் நூலின்மீது விழும் ஒளி நான்கு மடங்காகும். படிக்கும் மாணவருக்குக் கூரையில் பெரிய விளக்கைவிட மேசையில் 5 வாட்டு விளக்கு மிகு பயன் தரும். வெளிர்நிறச் சுவரும் தூசு துடைத்த விளக்கும் செலவின்றி வெளிச்சத்தைக் கூட்டுவன. ஒளியின் நிறம் கெல்வின் அலகில் குறிக்கப்படுகின்றது: 2700 கெல்வின் இழைவிளக்கை ஒத்த இளமஞ்சள், 6500 கெல்வின் நீலஞ்சார்ந்த வெண்மை. இஃது விருப்பத்தைப் பொறுத்தது.

இந்தியாவில் பரவல்

இந்திய அரசு 2009இல் தொடங்கிய பச்சத் விளக்குத் திட்டத்தில் இழைவிளக்கைக் கொடுத்துச் சலுகை விலையில் குறுங்குழல் விளக்கைப் பெற முடிந்தது. 2015 சனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் எல்.ஈ.டி விளக்குகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து 36 கோடிக்கும் மேல் வழங்கியது. 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாக வீழ்ந்ததே பரவலுக்கு முதன்மைக் காரணம் எனலாம்.

கழிவு

குறுங்குழல் விளக்கொன்றில் சில மில்லிகிராம் பாதரசம் உள்ளது. உடைந்தால் சன்னல்களைத் திறந்து, பத்துப் பதினைந்து நிமிடம் அறையை விட்டு விலகியிருக்க வேண்டும். பின்னர்த் துண்டுகளைத் தடித்த அட்டையால் திரட்டி, மூடிய கலனில் இட வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் துகள்கள் பரவும். பாதரச விளக்குகள் இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி மின்னணுக் கழிவில் சேர்க்கப்பட்டன. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் நேர்குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த 2023இல் முடிவு செய்தன. எனினும் ஏற்கெனவே வீடுகளில் உள்ள குழல்கள் அதன் பின்னரும் பல ஆண்டுகள் கழிவாக வந்துகொண்டிருக்கும்.