மூவகை எண்முறையும் மாற்றும் வழியும்

எண் வேறு, அதனை எழுதிக் காட்டும் இலக்கம் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டார்க்கு எண்முறை மாற்றம் எளிதாம். தசம முறையில் இலக்கங்கள் பத்து; துவித முறையில் 0, 1 என இரண்டே; பதினறும முறையிற் பதினாறு. இறுதி முறையில் பத்து முதற் பதினைந்து வரையுள்ளவற்றை ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்னும் ஆங்கில எழுத்துக்களாற் குறிப்பர்.

ஓர் உதாரணம் காண்போம். கணனிகள் கையாளும் யூனிகோடு முறையில் நம் அகரத்துக்குரிய எண் 2949. இதனைப் பதினாறால் வகுக்க, ஈவு 184, மிச்சம் 5. அவ்வீவை மீண்டும் வகுக்க, ஈவு 11, மிச்சம் 8. பதினொன்றை வகுக்க, ஈவு பூச்சியம், மிச்சம் 11; அஃதாவது பி. மிச்சங்களை இறுதியிலிருந்து முறையே எழுத, பி85 என்பது கிடைக்கும்.

பதினாறு என்பது இரண்டின் நான்காம் அடுக்கு. ஆதலின் ஒவ்வொரு பதினறும இலக்கமும் நான்கு துவித இலக்கங்களாக விரியும். பி85 என்பது 1011 1000 0101 ஆகும். இதற்கு வகுத்தல் வேண்டா.

இனி, மீள்மாற்றத்துக்குச் செய்நிரல் எழுதுமாறு கூறுவாம். விசைப்பலகையில் இடும் இலக்கம் கணனியுள் எழுத்தாகவே புகும். ஆஸ்கி முறையில் 0 என்னும் எழுத்தின் குறியெண் 48. ஆகவே 0 முதல் 9 வரையுள்ளவற்றின் குறியெண்ணிலிருந்து 48ஐயும், பெரிய எழுத்தான ஏ முதல் எஃப் வரையுள்ளவற்றிலிருந்து 55ஐயும் கழித்தல் வேண்டும். பின்னர் இடப்புறத்திலிருந்து தொடங்கி, பெற்ற தொகையை அடியெண்ணாற் பெருக்கி, அடுத்த இலக்கத்தைக் கூட்டிச் செல்க. 11ஐ 16ஆற் பெருக்கி 8ஐக் கூட்ட 184. அதனை 16ஆற் பெருக்கி 5ஐக் கூட்ட 2949.

முழுவெண்களில் இவ்வாறு இழப்பின்றி மாற்றலாம். பின்னங்களிலோ விழிப்பு வேண்டும். பத்தில் ஒன்று தசமத்தில் 0.1 என முடியும். துவிதத்தில் முடிவின்றித் தொடரும். அமெரிக்கரின் பேற்றியற் ஏவுகணைத் தொகுதி காலத்தைப் பத்திலொரு செக்கனாக எண்ணி, அப்பின்னத்தை 24 துவித இடங்களுக்குள் அடக்கியது. நூறு மணிநேரத்தில் 36 இலட்சம் முறை எண்ணியபோது, வெட்டுண்ட அச்சிறு மிச்சம் ஏறத்தாழ 0.34 செக்கனாகப் பெருகிற்று. விரைந்து வரும் ஏவுகணையொன்று அதற்குள் அரைக் கிலோமீற்றருக்கு மேற் சென்றுவிடும். 1991 பெப்புருவரி 25ஆம் நாள், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஸ்கட் ஏவுகணை தடுக்கப்படாது வீழ, அமெரிக்கப் படையினர் 28 பேர் மாண்டனர்.

இலக்கம் மாறினும் எண் மாறாதிருத்தலே மாற்றத்தின் இலக்கணம். எவ்விடத்து அது மாறக்கூடும் என முன்னறிந்து காத்தல் செய்நிரல் எழுதுவோரின் கடன் என்பது எம் துணிபு.