சென்னை–கொல்கத்தா: 1,385 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?

மீனம்பாக்கத்துல இருந்து கொல்கத்தா டம்டம் விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டா சுமார் 1,385 கிலோமீட்டர். உயரத்துக்குப் போன ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல பறக்கும். வகுத்துப் பாருங்க, ஒண்ணேமுக்கால் மணி நேரத்துல போயிடணும். ஆனா டிக்கெட்ல 2 மணி 20, 25 நிமிஷம்னு போட்டிருக்கும்.

மீதி நேரம் தரையிலயும், ஏறி இறங்குறதுலயும் போகுது. விமானம் நிக்கிற இடத்தை விட்டு நகர்ந்ததுமே கணக்கு ஆரம்பிச்சிடும். டம்டம்ல இறங்கி, ஊர்ந்து வந்து நின்னாத்தான் முடியும். பத்தாயிரம் அடிக்குக் கீழ வேக வரம்பு வேற இருக்கு: 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர்.

காற்றையும் சேர்த்துக்கோங்க. குளிர்காலத்துல வட இந்தியாவுக்கு மேல, விமானம் பறக்குற உயரத்துல, மேற்குல இருந்து பலமா காத்து ஓடும். டெல்லியில இருந்து கொல்கத்தா போறவங்களை அது முன்னால தள்ளும், திரும்பும்போது எதிர்த்து நிக்கும். அதே தூரம்தான், திரும்பி வர மட்டும் கூடுதல் நேரம்.

சென்னை–கொல்கத்தா நேர்கோடு பெரும்பாலும் கடல் மேல போகுது. ஒடிசாவுல கொனார்க் பக்கம் வந்துதான் கரையேறுது. ரயிலுக்கு அந்தக் குறுக்குவழி ஏது? விஜயவாடா, ராஜமுந்திரி, விசாகப்பட்டினம், புவனேஸ்வர்னு வளைஞ்ச கரையை ஒட்டியே போகணும். கிருஷ்ணா, கோதாவரி, மகாநதின்னு மூணு பெரிய ஆத்தையும் தாண்டணும். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஓடுறது கிட்டத்தட்ட 1,660 கிலோமீட்டர். ஒரு முழு நாளுக்கு மேல ஆகும்.

இந்த ரெண்டு ஊரையும் இணைச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு 1949-ல வந்தது: இரவு விமானத் தபால். டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், நாலு ஊர்ல இருந்தும் ராத்திரி விமானம் கிளம்பி நாக்பூர்ல சந்திக்கும். ஆரம்பத்துல டகோட்டா விமானங்கள். மணிக்கு 300 கிலோமீட்டர் வாக்குலதான் பறக்கும். தபால் மூட்டைகளையும் பயணிகளையும் அங்கே மாத்திக்கிட்டு, எல்லாம் அவங்கவங்க ஊருக்குத் திரும்பிடும். நாக்பூர் சுத்தி வந்தா மெட்ராஸ்–கல்கத்தா சுமார் 1,890 கிலோமீட்டர், நேர்வழியை விட 500 அதிகம். ஆனா யோசிச்சுப் பாருங்க: நாலு ஊரையும் ஒண்ணுக்கொண்ணு நேரா இணைக்க ஆறு தடம் வேணும், ஒவ்வொண்ணுலயும் போக ஒண்ணு, வர ஒண்ணு. இங்க நாலே விமானத்துல வேலை முடிஞ்சுது! மெட்ராஸ் கடிதம் ஒரே ராத்திரியில கல்கத்தா போய்ச் சேர்ந்துது. தூரத்தைக் கூட்டி நேரத்தை மிச்சம் பிடிச்ச அந்த மூளையை நினைச்சா இப்பவும் பிரமிப்பா இருக்கு.

இன்னிக்கும் நேர் விமானம் இல்லாத ஊர்ல இருந்து கொல்கத்தா போறவங்க நடுவுல மாறித்தான் போகணும். அப்போ கிலோமீட்டரைப் பார்க்காதீங்க. மாறுற இடத்துல எத்தனை மணி நேரம் காத்திருக்கணும்னு பார்த்துட்டு டிக்கெட் போடுங்க.