அரங்கு வீட்டில் ஒரு பெட்டி

நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் அரங்கு என்று ஓர் உள்ளறை உண்டு. ஜன்னல் கிடையாது, நடுப்பகலிலும் இருட்டு. நெல், பித்தளை அண்டா, பத்திரம், நகை எல்லாம் அங்கேதான் இருக்கும். தென்காசி மாவட்டம் ராயகிரியில் என் மாமா வீட்டு அரங்கில் இவற்றோடு ஒரு தகரப் பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகளும் இருந்தன. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோவில் கொடை. சென்ற ஆண்டு திறந்து பார்த்தபோது பாதிக்கு மேல் சுருள்களின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது.

கேசட் நாடா என்பது பாலியெஸ்டர் பட்டையில் இரும்பு ஆக்சைடுத் தூளை ஒரு பசையால் ஒட்டிய பொருள். அந்தப் பசை ஈரத்தைக் குடித்துச் சிதையும், பூஞ்சைக்கும் அதுதான் தீனி. கள்ளனுக்குப் பயந்து கட்டிய அறை ஈரத்துக்கு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. தப்பிய கேசட்டுகளைக் கணினிக் கோப்பாக மாற்றிய பிறகு, இவற்றை இனி எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது.

பென் டிரைவ் தொலையும். கிளவுடில் ஏற்றலாம். ஆனால் மாதச் சந்தா கட்ட வேண்டும், தெருவில் ஃபைபர் அறுந்த நாளில் நம் வீட்டுக் கல்யாணத்தை நாமே பார்க்க முடியாது. ஆகவே நாஸ் என்று சொல்லப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி. உள்ளே ஒன்றோ இரண்டோ ஹார்டு டிஸ்க், ஒரு சின்னக் கணினி. அதை ரவுட்டரோடு இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள டிவி, மொபைல், லேப்டாப் எல்லாம் அதிலிருந்து படம் பார்க்கும். இதற்கு இணையம் வேண்டியதில்லை. இதைத்தான் நம்பவைக்கச் சிரமப்பட்டேன். வீட்டுக்குள் ஓடும் வலை வேறு, வெளியிலிருந்து வரும் இணையம் வேறு. ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், படம் ஓடும்.

எவ்வளவு இடம் வேண்டும்? மூன்று மணி நேரக் கல்யாணக் கேசட்டை டிவிடி தரத்தில் மாற்றினால் ஏறக்குறைய 7 ஜிகாபைட். 4 டெராபைட் டிஸ்க்கில் அப்படி ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் அடங்கும், ஒரு தெருவின் மொத்தக் கல்யாணத்தையும் வைக்கலாம். இடத்தைத் தின்பது பழசு அல்ல, புதுசு. இன்றைய மொபைலில் 4கே தரத்தில் பேரன் தவழ்வதைப் பத்து நிமிடம் எடுத்தால் 2 முதல் 4 ஜிகாபைட் வரை போய்விடும்.

அடுத்தது ரவுட்டர். கடையில் பெட்டிமேல் ஏஎக்ஸ் 3000 என்று போட்டிருப்பார்கள். நொடிக்கு 3000 மெகாபிட் வருமாக்கும் என்று நினைப்போம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 574, 5 ஜிகாஹெர்ட்ஸில் 2402. இரண்டையும் கூட்டி, கொஞ்சம் ஏற்றிப் போட்டதுதான் அந்த 3000. லாரியின் வேகத்தையும் பைக்கின் வேகத்தையும் கூட்டிச் சொல்வது போன்ற கணக்கு. எந்த ஒரு மொபைலுக்கும் அந்த வேகம் கிடைக்காது. நல்ல மொபைலே 5 ஜிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் 1200 என்ற இணைப்புக்குத்தான் ஒத்துக்கொள்ளும், கைக்கு வருவது அதில் பாதியை ஒட்டி இருக்கும். உயர்தர 4கே டிஸ்க் படத்துக்கே உச்சத்தில் 128 மெகாபிட்தான் தேவை என்பதால் அதுவே தாராளம், சுவர் குறுக்கே வராதவரை.

நான் கேட்பது வேறு எண். ரவுட்டரின் பின்னால் இருக்கும் லேன் துளைகள் ஜிகாபிட்டா, 100 மெகாபிட்டா? விலை குறைந்த ரவுட்டர்களிலும் இணைப்போடு இலவசமாக வரும் சில பெட்டிகளிலும் 100தான். 500 ஜிகாபைட் படங்களை நாஸுக்கு ஏற்ற அதில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜிகாபிட் துளையில் ஒன்றேகால் மணி நேரம். (வேடிக்கை என்னவென்றால், விலை கூடிய டிவிகள் பலவற்றில்கூட லேன் துளை 100 மெகாபிட்தான்.)

மாமா வீட்டில் ரவுட்டர், முன்பக்கக் கூடமான தார்சாவில் இருந்தது. அரங்குக்கும் தார்சாவுக்கும் இடையே இரண்டு கனத்த சுவர். மாடிக்கு, பிற்பாடு போட்ட கம்பி கட்டிய கான்கிரீட் தளம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஆறு. சுவரைக் கடப்பதில் நீள அலை கெட்டிக்காரன், ஆனால் சரக்குக் குறைவாகச் சுமக்கும். அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று தொடாத தடங்கள் மூன்றே மூன்று. அண்டை வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே மூன்றில் முட்டி மோதுகின்றன. குட்டை அலைக்கு இடம் தாராளம், ஆனால் கான்கிரீட்டில் பத்தில் ஒரு பங்கு தப்பி வந்தாலே பெரிது.

"மாப்ள, மழ பேஞ்சா டிஷ்ஷுல படம் நின்னுருதே, அது மாதிரி வைஃபையும் நின்னுருமோ?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. டிஷ் டிவிக்கு வரும் அலை 12 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டியது, நீளம் இரண்டரை சென்டிமீட்டர். வானத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் மழைத்துளிகளினூடே வர வேண்டியிருப்பதால் தேய்ந்துபோகிறது. வீட்டுக்குள் பத்தடி போகும் வைஃபைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. மழை நாளில் வைஃபை படுத்தால் பழி மின்சாரத்தின் மேல் இருக்கும், அல்லது வெளியே விழுந்த மரத்தின் மேல்.

ரவுட்டரின் கொம்புகளைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் உண்டு. கொம்பு கூடினால் தூரம் கூடும் என்கிறார்கள். அலையின் வலிமைக்கு அரசு விதித்த உச்சவரம்பு இருக்கிறது, கொம்பை எண்ணி அதைத் தாண்ட முடியாது. நிமிர்ந்து நிற்கும் கொம்பு உளுந்து வடை வடிவில் அலையைப் பரப்பும். பக்கவாட்டில் தாராளம், நேர் மேலே ஓட்டை. மாடியில் எடுக்கவில்லையென்றால் ஒரு கொம்பைப் படுக்கவைத்துப் பாருங்கள், காசு செலவில்லை.

அதைவிடப் பெரிய லாபம் ஒரு லேன் கேபிளில் இருக்கிறது. வைஃபை ஒரே தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசும் ஏற்பாடு. நாஸையும் வைஃபையில் போட்டு, டிவியையும் வைஃபையில் போட்டால், ஒவ்வொரு துண்டுத் தகவலும் நாஸிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு மறுமுறை என்று அதே காற்றில் இரண்டு தடவை போகிறது. வேகம் பாதி. நாஸைக் கேபிளில் போட்டால் அந்தப் பாதி திரும்பி வந்துவிடும். எனவே நாஸ் ரவுட்டர் பக்கத்திலேயே, தார்சாவில். அரங்கில் வைக்கத்தான் மாமாவுக்கு ஆசை. விலையுள்ள பொருள் என்றால் அரங்குதானே!

நான் மறுத்ததற்குக் கேபிள் மட்டும் காரணம் இல்லை. ஹார்டு டிஸ்க்குக்கு எமன் வெக்கை என்றுதான் நாமெல்லாம் நம்பியிருந்தோம். 2007இல் கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, வெப்பத்துக்கும் சாவுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பில்லை என்றது. 2016இல் மைக்ரோசாஃப்ட்டின் ஒன்பது பெருந்தரவு மையங்களின் கணக்கை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. கருவிகளைக் கொல்வதில் முதலிடம் காற்றின் ஈரப்பதத்துக்கு என்றது அது. சுழலும் தட்டைவிட, டிஸ்க்கை இயக்கும் மின்னணுப் பலகையும் இணைப்புகளும்தான் பழுதாகின்றன. துவைத்த துணி மூன்று நாள் காயாத சாரல் பருவத்தைக் கண்ட குற்றாலத்துக்காரர்களுக்கும் செங்கோட்டைக்காரர்களுக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டாம். ராயகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஈரம் வந்து சேரும்.

இதில் ஒரு சூட்சுமம். காற்று சூடானால் அதன் ஒப்பு ஈரப்பதம் குறையும். எப்போதும் ஓடிக்கொண்டு இளஞ்சூட்டில் இருக்கும் டிஸ்க், தன்னைச் சுற்றித் தானே உலர்காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. அணைத்து அரங்கில் பூட்டிய டிஸ்க் நனைந்த காற்றில் கிடக்கிறது, ஹீலியம் அடைத்தவை தவிர மற்ற டிஸ்குகளில் காற்று போய்வர ஒரு சின்னத் துளையும் உண்டு. ஓட விடுவதற்கு என்ன செலவு? இரண்டு டிஸ்க் பெட்டி 20 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். அப்போது இலவசமாகக் கிடைத்த முதல் 100 யூனிட்டில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். மாமி கணக்குப் போட்டு முகம் சுளித்தார். பெட்டி ஓடிக்கொண்டிருக்க, ஆள் பார்க்காத நேரத்தில் டிஸ்க் மட்டும் தூங்கும்படி அமைத்ததும் சம்மதித்தார்.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ் என்று ஒரு நிலையும் வேறொரு நிலையும் எழுதியிருக்கும். மற்ற நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி ஃபேனுக்கும் விளக்குக்கும் தெரியாது, கணினிக்குத் தெரியும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்று, அடைவே குழம்பிப்போகலாம். அந்தச் சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளுவதற்கு ஒரு நொடி போதும். புது நாஸ் வாங்க வசதியில்லையென்றால் மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பே போதும். ஜெல்லிஃபின் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு நாஸாக்கலாம். உயிருள்ள பேட்டரி என்றால் அதுவே யுபிஎஸ். முதல் முயற்சிக்கு நான் இதைத்தான் சொல்வேன். டிவி எந்த வகைக் கோப்பை நேரடியாக ஓட்டும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிக்குத் தெரியாத வகையென்றால் நாஸ் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும், சின்னப் பெட்டிகள் அதில் மூச்சு வாங்கும்.

இரண்டு டிஸ்க் போட்டால் ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும் ரெய்டு 1 என்ற ஏற்பாடு உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் 1988இல் ரெய்டுக்குப் பெயர் வைத்து வகை பிரித்தார்கள். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது ஓடும். அதனால் பிரதி எடுத்தாயிற்று என்று நிம்மதியாகிவிடக் கூடாது. பேரன் கைதவறி அழித்தால் இரண்டிலும் அழியும். ஐப்பசி மாலை இடி பழைய டிவி கேபிள் வழியாக இறங்கினால் இரண்டும் போகும் (ஃபைபர் கண்ணாடி, அதில் மின்னல் வராது). டிஸ்க் சொல்லிவிட்டுச் சாகும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். கூகுளின் அதே ஆய்வில், செத்தவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை.

ஆகவே மூன்றாவது பிரதி ஒன்று ஊரை விட்டு வெளியே இருக்க வேண்டும். எங்கள் ஏற்பாட்டில் இரண்டு வெளி டிஸ்க்குகள். காற்றுப் புகாத டப்பாவில், புது செருப்புப் பெட்டியில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ஒன்று ராயகிரியில், ஒன்று சென்னையில் மாமா மகனிடம். ஊருக்கு வரும்போதெல்லாம் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. போன பொங்கலுக்கு வந்தவன் டப்பாவை மறக்காமல் கொண்டுவந்தான். திறந்தால் உள்ளே சிலிக்கா ஜெல் மட்டும் இருந்தது.