உங்களுக்குத் தெரியுமா? மலையகத்துக்கு வந்த கப்பல் சொற்கள்

கடற்கொள்ளையர் கதை என்றால் பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் வரிக்கு வரி வரும் கப்பல் சொற்களில் ஹட்டன், நுவரெலியாத் தோட்டத்துப் பிள்ளைகள் தடுக்கி நிற்கிறார்கள். கடல் எங்கேயோ, நாம் எங்கேயோ என்று தோன்றுவது இயல்புதான். உண்மையில் நம் மலைகளுக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

மாலுமிகளின் மலை

மஸ்கெலியாவுக்கு மேலே 2,243 மீற்றர் உயரத்தில் நிற்கும் சிவனொளிபாதமலை, பழங்காலக் கப்பல்காரர்களுக்கு இலங்கையை அடையாளம் காட்டிய மலை. 1344இல் மாலைதீவிலிருந்து பாய்க்கப்பலில் வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, ஒன்பது நாள் கடலில் கழித்தபின் இம்மலை புகைத்தூண் போல எழுந்து நின்றதாக எழுதினார். அவர் இறங்கிய கரை, யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கடலில் கொள்ளையிடுபவர் என்று மாலுமிகள் அஞ்சிய மன்னர் அவர். அவரே இப்னு பதூதாவை விருந்தினராக ஏற்று, பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து மலைக்கு அனுப்பி வைத்தார்.

பாய்மரம் முறிந்ததால் பிறந்த புத்தகம்

1659இல் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் தன் பெரிய பாய்மரத்தை இழந்தது. அதைச் சீர்செய்ய அடுத்த ஆண்டு திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியபோது, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கரையிறங்கியவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான ரொபர்ட் நொக்ஸ் ஏறத்தாழ 19 ஆண்டுகள் மலைநாட்டில் கைதியாக வாழ்ந்து, தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டார். டானியல் டிஃபோ 1720இல் எழுதிய கடற்கொள்ளையன் நாவலான ‘கெப்டன் சிங்கிள்டன்’, நொக்ஸின் கதையையும் சேர்த்தே சொல்கிறது.

கப்பலின் உறுப்புகள்

‘பவ்’ என்பது கப்பலின் முன்புறம். நம் கடலோரத் தமிழர் அதை அணியம் என்பார்கள். ‘ஸ்டெர்ன்’ என்பது பின்புறம், அதாவது அமரம். ‘மாஸ்ட்’ பாய்மரம், ‘செயில்’ பாய், ‘ரடர்’ சுக்கான், ‘ஆங்கர்’ நங்கூரம். சங்கப் பாடல்களில் பாய்மரத்துக்குக் கூம்பு என்றும், பாய்க்கு இதை என்றும், கப்பலோட்டிக்கு நீகான் என்றும் பெயர்கள் உண்டு. வடக்கில் தோணியின் தலைவரைத் தண்டையல் என்று அழைத்தார்கள். ஆங்கிலச் சொல்லோடு இவற்றையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை இரண்டையும் மறக்காது.

துறைமுகத்தில் கலந்த மொழிகள்

மாலுமி, சுக்கான் இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லே நம் மாலுமி ஆனது. நங்கூரம் பாரசீகத்தின் ‘லங்கர்’. பீப்பாய் போர்த்துக்கேயக் கப்பலில் வந்தது. காலையில் கடையில் வாங்கும் பாண், குளித்துத் துவட்டும் துவாய், பாடசாலைக்குப் போடும் சப்பாத்து ஆகியனவும் அதே கப்பலில் வந்தவைதான். தோட்டத்துக் கந்தோர் டச்சுக்காரர் கொண்டுவந்த சொல்.

கட்டுமரமும் கொள்ளையரும்

தமிழும் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ‘கெட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல் நம் கட்டுமரமே. அதைப் பற்றி ஆங்கிலத்தில் முதன்முதலில் எழுதியவர்களுள் ஒருவர் வில்லியம் டாம்பியர். கொள்ளைக் கப்பல்களில் உலகைச் சுற்றிய அவர், சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைக் கண்டு, 1697இல் வெளியான தம் பயண நூலில் விவரித்தார்.

கடல் வழி வந்த ‘தே’

சீனத்து ஃபூஜியன் கரையில் தேயிலையின் பெயர் ‘தே’. அங்கிருந்து டச்சுக் கப்பல்கள் ஏற்றிச் சென்ற நாடுகளில் பெரும்பாலும் ‘தே’ பரவியது. தரை வழியே போன இடங்களில் ‘சா’ பரவியது. இந்தியின் ‘சாய்’ அந்த வழி வந்தது. நாம் தேயிலை என்றும் தேத்தண்ணி என்றும் சொல்வதில் ஒரு கடற்பயணமே அடங்கியிருக்கிறது. தேத்தண்ணி ஊற்றும் கோப்பையும் போர்த்துக்கேயச் சொல்தான்.

கப்பலை ஓட்டிய காற்று, கொழுந்துக்கு மணம் தரும் காற்று

வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான், தெற்கே சோழகம். பாய்க்கப்பல்கள் இந்தக் காற்றுகளைப் பார்த்தே புறப்பட்டன. ‘மொன்சூன்’ என்ற சொல்லும் பருவத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லில் பிறந்தது. தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி வறண்டு வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு மணம் கூடுகிறது. வடகிழக்குப் பருவத்தின் குளிர்ந்த, வறண்ட ஜனவரி முதல் மார்ச் வரை திம்புளைத் தேயிலைக்கு நல்ல காலம்.

வேகத்துக்கு ஏன் ‘முடிச்சு’?

கப்பல் வேகத்தை ‘நொட்’ கணக்கில் சொல்வார்கள். நொட் என்றால் முடிச்சு. சம இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் பலகையைக் கட்டிக் கடலில் விடுவார்கள். மணற்கடிகாரம் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே ஓடுகின்றன என்று எண்ணுவார்கள். அதுவே வேகம். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர்.

தேயிலைக்காக ஓடிய கப்பல்கள்

‘கிளிப்பர்’ என்பது வேகத்துக்காகவே கட்டிய ஒடுங்கிய பாய்க்கப்பல். 1866இல் சீனத்து ஃபூச்சோவிலிருந்து புதுத் தேயிலையோடு லண்டனுக்கு நடந்த போட்டியில், 99 நாள் ஓடியபின் ‘தைப்பிங்’ கப்பல் ‘ஏரியல்’ கப்பலை முந்தியது வெறும் 28 நிமிடத்தில். புகழ்பெற்ற ‘கட்டி சார்க்’ கிளிப்பர் நீரில் இறங்கியது 1869 நவம்பர் 22. அதற்கு ஐந்து நாள் முன்புதான் சூயஸ் கால்வாய் திறந்தது. கால்வாய் வழியே குறுகிய பாதையில் போன நீராவிக் கப்பல்கள் தேயிலை வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டன. இங்கே இலங்கையில், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். அங்கிருந்து லண்டனுக்குச் சென்ற முதல் தேயிலை, 1873இல், 23 றாத்தல் மட்டுமே.

தம்பதென்னையும் ‘ஷம்ரொக்’ படகும்

1890இல் இலங்கை வந்து ஹப்புத்தளைக்கு அருகே தம்பதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனுக்குப் பாய்ப்படகுப் போட்டியில் தீராத ஆசை. ‘அமெரிக்கா கிண்ணம்’ வெல்ல 1899 முதல் 1930 வரை ஐந்து முறை ‘ஷம்ரொக்’ என்ற பெயரில் ஐந்து படகுகளைப் போட்டியில் இறக்கினார். ஒருமுறையும் வெல்லவில்லை. கொழுந்து பறித்த கைகளின் உழைப்பில் விளைந்த செல்வமும் அந்தப் பாய்களை விரித்தது என்பதை மறக்கக் கூடாது.

‘ஸ்ட்ரைக்’ ஒரு கப்பல் சொல்

தோட்டத்தில் ‘ஸ்ட்ரைக்’ என்றால் தெரியாதவர் இல்லை. கப்பல் மொழியில் பாயைக் கீழே இறக்குவதற்கு அந்தப் பெயர். 1768இல் கூலி உயர்வு கேட்ட லண்டன் மாலுமிகள் பாய்களை இறக்கிவைத்துக் கப்பல்களை நிறுத்தினார்கள். அதிலிருந்தே வேலைநிறுத்தத்துக்கு அச்சொல் வந்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டில் உயிரிழந்த கோவிந்தனும் அந்தச் சொல்லின் வரலாற்றில் ஒருவர்.

கொள்ளையர் பற்றிய உண்மைகள்

‘ஜொலி ரொஜர்’ என்பது கொள்ளைக் கப்பலின் மண்டையோட்டுக் கொடி. பல கொள்ளைக் கப்பல்களில் கப்டனை வாக்கெடுத்தே தேர்ந்தார்கள். பங்கு பிரிப்பதற்கும், சண்டையில் கை கால் இழந்தவருக்கு இழப்பீடு தருவதற்கும் எழுதிய விதிகள் இருந்தன. கைதிகளைப் பலகை மேல் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவதும், புதையலுக்கு வரைபடம் வரைவதும் பெரும்பாலும் கதாசிரியர்களின் கற்பனை. ஸ்டீவன்சன் 1883இல் நூலாக வெளியிட்ட ‘ட்ரெஷர் ஐலண்ட்’ தான் புதையல் வரைபடத்தை உலகெங்கும் பரப்பியது. கொள்ளையர் என்றாலே ‘ஆர்ர்’ என்று இழுத்துப் பேசுவார்கள் என்ற எண்ணம், 1950இல் வந்த அக்கதையின் திரைப்படத்தில் ரொபர்ட் நியூட்டன் பேசிய பேச்சால் பரவியது.

யாழ்ப்பாணத் தோணி அமெரிக்கா போனது

வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற இரண்டு பாய்மரக் கப்பலை அமெரிக்கர் வில்லியம் ரொபின்சன் வாங்கி, ‘ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச் சென்றார்கள். 1938இல் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

நம்மை ஏற்றி வந்த கப்பல்கள்

முதலில் நம் முன்னோர் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1864இல் ஆதிலட்சுமி கப்பல் 120 பேரோடு கடலில் மூழ்கியது மலையக வரலாற்றின் ஆறாத துயரம். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ‘கர்சன்’, ‘எல்ஜின்’, ‘ஹார்டிஞ்ச்’ என்ற நீராவிக் கப்பல்கள் ஓடின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவர்களில் பலர் பின்னர் தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பல் ஏறிக் கடல் கடந்தார்கள்.

பிள்ளைகளுக்குக் கடற்கொள்ளையர் கதையைத் தாராளமாகக் கொடுங்கள். புதிய சொல் வரும்போது அணியம், அமரம், சுக்கான், நங்கூரம் என்று தமிழையும் பக்கத்தில் எழுதவையுங்கள். உங்கள் லயத்தில் தலைமன்னார்க் கப்பலைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரியவர் யாராவது இருந்தால், அவர் சொல்வதை இந்த மாதமே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.