ஊசியைக் கடைசியில் தொடுகிறவர்

வைத்தியசாலைகளில் சேரும் கழிவில் 85 சதவிகிதம் நம் வீட்டுக் குப்பையைப் போன்றதே என்றும், எஞ்சிய 15 சதவிகிதமே உடலுக்கு ஊறு செய்ய வல்லது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. ஆயினும், காகிதமும் சாப்பாட்டுப் பொட்டலமும் கிடக்கும் தொட்டியில் ரத்தம் தோய்ந்த பஞ்சு ஒன்றை யாரேனும் அசிரத்தையாகப் போட்டுவிட்டால், அந்தக் கணமே தொட்டி முழுவதும் அபாயகரமான கழிவாகிவிடுகிறது. பிறகு அதைக் கிளறிப் பிரிக்க எவரையும் ஏவலாகாது. ஆகையால், கழிவு உண்டாகிற கட்டிலருகிலேயே, அதை உண்டாக்கியவரே பிரித்துப் போடவேண்டும் என்பதுதான் சிப்பந்திகளுக்குக் கற்பிக்கவேண்டிய முதற் பாடம்.

இந்திய அரசாங்கம் 2016 மார்ச்சில் வெளியிட்ட உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இதற்கென்று நிறங்களை வகுத்திருக்கின்றன. சதையும் ரத்தக் கட்டுத்துணியும் காலாவதியான மருந்தும் மஞ்சள் பைக்கு. ட்ரிப்ஸ் குழாய், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு ஆகியவை சிவப்புக்கு. கண்ணாடிக் குப்பிகள் நீலத்துக்கு. ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கு. ஒரு மணி நேரத்தில் கற்றுவிடக்கூடிய இந்தப் பாடத்தில், பஞ்சு பை மாறினால் கெடுவது சுத்திகரிப்பு; ஊசி பை மாறினாலோ, பையைத் தூக்குகிறவரின் கை கிழிகிறது.

ஊசியைப் போட்ட நர்ஸுக்கு நோயாளி யார் என்பது தெரியும். அவர் கையில் குத்திக்கொண்டால் நோயாளியின் ரத்தத்தை உடனே பரிசோதித்துவிடலாம். அந்தியில் பையைத் தூக்கிச் செல்லும் துப்புரவுப் பணியாளருக்கோ, தம் உள்ளங்கையில் ஏறியது எவருடைய ரத்தம் என்று அறிய மார்க்கமே இல்லை. தடுப்பூசி போடாத ஒருவரை ஹெபடைடிஸ் பி கிருமியுள்ள ஊசி குத்தினால், நோய் தொற்றும் வாய்ப்பு 30 சதவிகிதம் வரை உண்டு, எச்.ஐ.வி.யில் அது 0.3 சதவிகிதமே என்பது சற்று ஆறுதல். ஊசிக்கு மறுபடி மூடி மாட்டாமல் நீடில் கட்டரில் துண்டித்துப் பெட்டியில் இடுவதும், பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுவதும் இந்த அபாயத்தைப் பெருமளவு தடுக்கும். துண்டிப்பதால் வேறொரு பிரயோஜனமும் உண்டு; துண்டித்ததை எவரும் மறுபடி பயன்படுத்த இயலாது: 2009-இல் குஜராத்திலுள்ள மோடாசாவில் பலருடைய உயிரைக் குடித்த ஹெபடைடிஸ் பி, பயன்படுத்திய சிரிஞ்சுகள் மீண்டும் உபயோகத்துக்கு வந்ததோடு சம்பந்தப்பட்டதே.

வேலையில் சேரும்போதும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும், கழிவைக் கையாளும் அனைவருக்கும் பயிற்சி அளிக்கவேண்டியது நிர்வாகத்தின் கடமை. ஒப்பந்தத் தொழிலாளர் இதற்கு விலக்கல்லர். கையுறை முதலிய பாதுகாப்புச் சாதனங்களும், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும், வருஷாந்தர உடற்பரிசோதனையும் அவ்வாறே சட்டப்படி அவர்களுக்குச் சேரவேண்டியவை. கருணையால் தரப்படுபவை அல்ல. ஆனால், ஆறு மாதத்தில் மூன்று தவணையாகப் போடவேண்டிய தடுப்பூசி முடிவதற்குள் ஒப்பந்ததாரரே மாறிவிடுகிற இடத்தில், அதைப் பூர்த்திசெய்யும் பொறுப்பு யாருடையதென்று கேட்பாரில்லை. சபாக் கூடத்தில் ஆங்கிலப் படங்களைத் திரையிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்புவதைப் பயிற்சி என்று நான் ஒப்பமாட்டேன்.

ஊசி குத்திவிட்டால், காயத்தைப் பிதுக்காமல், வாயில் வைத்து உறிஞ்சாமல், பிளீச்சிங் திரவமும் ஊற்றாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் செல்லவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம். 72 மணி நேரம் கடந்தால் பலனில்லை. தொடங்கினால் 28 நாள் உட்கொள்ளவேண்டும். தொழில்வழி அபாயமுள்ள வைத்தியசாலைகள் இந்த மருந்தையும், முன்னெச்சரிக்கைச் சாதனங்களையும், அவற்றைக் கையாளும் பயிற்சியையும் ஊழியருக்கு அளிக்கவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் கூறுகிறது. அன்றைக்கே எழுத்தில் பதியவைப்பதும் அவசியம். பின்னர் நோய் கண்டால், அது வேலையால் வந்த நோய் என்று நிறுவி இழப்பீடு கோர அந்தத் தாளே சாட்சி.

கழிவு ஊர்ப்புறத்தில் கொட்டப்பட்டால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடமும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடமும் முறையிடலாம்; 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் கிடந்த கேரளத்து மருத்துவக் கழிவைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பின் அந்த மாநிலமே திரும்ப எடுத்துச் சென்றது. பயிற்சி விஷயத்திலும் பொதுஜனங்கள் பார்வையிட ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வைத்தியசாலையும் ஜூன் 30-க்குள் வாரியத்திடம் அளித்து, தன் இணையதளத்திலும் வெளியிடவேண்டிய ஆண்டறிக்கையில், முந்திய ஆண்டில் நேர்ந்த விபத்துகளும், பயிற்சி பெற்றோர் தொகையும், பெறாதோர் தொகையும் இடம்பெறவேண்டும். பெறாதோர் கட்டத்தில் பூஜ்யம் கண்டவர்கள், அந்த எண்ணை ஒப்பந்ததாரரின் சம்பளப் பட்டியலோடு ஒத்துப்பார்க்கும்படி வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம்.