ஒரு மாத்திரையும் ஒரு வழக்கும்

அஸர் தொழுகை முடிந்து மதரஸாப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கும் வேளை. எங்கள் நாட்றாம்பாளையத்துச் சகோதரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர்; வாரம் ஒருமுறை ஊருக்கு வருவார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, "ஹஜ்ரத், ரமலான் வருகிறது. இதை ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாமா?" என்று கேட்டார்.

என்ன மாத்திரை என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "இரத்தப் புற்றுநோய்க்கு" என்றார். அவருடைய மனைவியைத் தவிர ஊரில் எவருக்கும் அது தெரியாது. பெண் பிள்ளைகளின் திருமணப் பேச்சு தடைபடும் என்று மறைத்து வைத்திருந்தார்.

நோயாளிக்கு மார்க்கம் வழங்கியிருக்கும் சலுகையை நான் அறிவேன். ஆனால் இந்த மாத்திரையை நிறுத்தினால் என்ன நேரும் என்பதை நான் அறியேன். நான் கலைப் பட்டம் பெற்றவன், மருத்துவம் படித்தவனல்லன். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதே முறை என்று கருதி, அடுத்த வாரம் அவருடன் பெங்களூருக்குப் பேருந்து ஏறினேன். அன்று மருத்துவர் சொன்னவற்றையும், அதன்பின் படித்துத் தெளிந்தவற்றையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது என் கடமை என்று எண்ணுகிறேன்.

நோயின் விசை எங்கே?

அந்தச் சகோதரருக்கு வந்திருப்பது நாட்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோய். ஓயாத களைப்பு, இடப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு கனம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றன. இரத்தத்தைச் சோதித்தபோது வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன.

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களுக்குள் குரோமோசோம்கள் என்னும் இழைகள் உள்ளன. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்னும் இரு ஆய்வாளர்கள், இந்நோய் கண்டவர்களின் இரத்த அணுக்களில் ஓர் இழை வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டனர். 1973இல் ஜேனட் ரவுலி என்னும் பெண் மருத்துவர் அதன் காரணத்தைக் கண்டறிந்தார். 9ஆம் இழையின் ஒரு துண்டும் 22ஆம் இழையின் ஒரு துண்டும் முறிந்து இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டிலிருந்து ஒரு புதிய புரதம் பிறக்கிறது. அதுவே வெள்ளை அணுக்களை ஓய்வின்றிப் பெருகச் செய்கிறது. அணைக்க முடியாதபடி சிக்கிக்கொண்ட மின்விசைக்கு அதனை ஒப்பிடலாம்.

கீமோதெரபி என்னும் பழைய முறை, விரைந்து பெருகும் அணுக்கள் அனைத்தையும் தாக்கும். அதனால்தான் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது. புதிய முறையோ அந்த ஒரு விசையை மட்டும் தேடிச் சென்று அடைக்கிறது. இதனை இலக்கு நோக்கிய சிகிச்சை என்பர். இமாட்டினிப் என்னும் மாத்திரை இவ்வகையில் முன்னோடி. பிரையன் ட்ரூக்கர் என்னும் மருத்துவர் இதனை நோயாளிகளிடம் சோதித்துப் பயனை நிலைநாட்ட, 2001ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் வழங்கியது. இம்மருந்தை முதல் மருந்தாக உட்கொண்டவர்களைப் பத்தாண்டுகளுக்கு மேல் கண்காணித்த ஓர் ஆய்வில், பத்தாண்டு முடிவில் 83 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். அதற்குமுன் இந்நோய் கண்ட பெரும்பாலோர் சில ஆண்டுகளே வாழ்ந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

மருந்து வந்தது, விலை எட்டவில்லை. சுவிட்சர்லாந்து நாட்டின் நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் விற்ற இம்மருந்துக்கு மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆயிற்று. அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய் வரையிலான விலைக்கு அளித்தன. ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு இதுவும் பெருஞ்சுமையே. எனினும் முயன்றால் எட்டக்கூடிய சுமை அது.

இம்மருந்தின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. காப்புரிமை கிடைத்தால் இந்திய நிறுவனங்கள் அதனைத் தயாரிப்பது தடைபடக்கூடும். புற்றுநோயாளர்களுக்கு உதவும் சங்கம் ஒன்றும் இந்திய நிறுவனங்கள் சிலவும் இதனை எதிர்த்தன. 2006ஆம் ஆண்டு சனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2005இல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவு அதற்கு முக்கிய அடிப்படையாயிற்று. முன்பே அறியப்பட்ட ஒரு மருந்துப் பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் சிறந்து விளங்கினாலன்றிப் புதிய கண்டுபிடிப்பாகாது என்பது அப்பிரிவின் சாரம்.

அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்காடியது; 2007 ஆகஸ்ட் 6ஆம் நாள் தோல்வியுற்றது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகியோர் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர்.

நிறுவனத்தின் வாதத்தையும் சொல்வதே நேர்மை. ஆய்வுக்குப் பெரும் பொருள் செலவாகிறது, காப்புரிமை இல்லையேல் புதிய மருந்து பிறவாது என்று அவர்கள் கூறினர். நோயாளிகள் பலருக்கு இலவசமாக மருந்து வழங்கியதையும் எடுத்துக்காட்டினர். ஆயினும் பிறர் மனமுவந்து தரும் கொடையை மட்டுமே நம்பி ஒருவன் உயிர் வாழ்வது வேறு. தன் உழைப்பின் கூலியில் மருந்து வாங்கி வாழ்வது வேறு. எங்கள் ஊர்ச் சகோதரர் காட்டிய மாத்திரை அட்டை, அந்த வழக்கின் பயனாக நம் சட்டைப் பைக்கு வந்த ஒன்று.

நம் வழியில் ஒரு மருந்து

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் பொம்மசந்திராவைக் கடக்காதவர் நம்மில் யார்? அங்கே ஆலை வைத்துள்ள பயோகான் நிறுவனம், மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் என்னும் ஊசி மருந்தின் நிகர் மருந்தை 2014இல் இந்தியாவில் வெளியிட்டது. மூல மருந்து 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுள் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டினரின் புற்றணுக்களில் ஹெர்-2 என்னும் புரதம் மிகுதியாக இருக்கும். அவர்களுக்கே இம்மருந்து பயன்படும். ஆகவே கட்டியிலிருந்து எடுத்த திசுவைச் சோதித்த பின்னரே இம்மருந்தைத் தருவர். இன்னாருக்குப் பயன்பட்டது, எனக்கும் வேண்டும் என்று கேட்பது பொருந்தாது. பூட்டுக்கு ஏற்ற சாவியே திறக்கும்.

உடலின் காவற்படை

மற்றொரு வகை, நோயெதிர்ப்புச் சிகிச்சை. இதில் மருந்து புற்றணுவை நேரடியாகக் கொல்வதில்லை. நம் உடலில் அமைந்துள்ள காவற்படையைத் தட்டி எழுப்புகிறது. அப்படைக்கு, நம் உடலையே தாக்கிவிடாதிருக்கச் சில கட்டுப்பாடுகள் உண்டு. புற்றணு சூழ்ச்சியாக அந்தக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தித் தப்பித்துக்கொள்கிறது. அக்கட்டை அவிழ்க்கும் வழியைக் காட்டிய ஜேம்ஸ் ஆலிசனுக்கும், ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மருந்துகளின் விலை இன்னும் மிகுதி. இங்கும் நம் நாட்டவர் ஒரு வழி கண்டுள்ளனர். வெற்றிலையுடன் புகையிலை மெல்வதாலும் குட்காவாலும் வரும் வாய்ப் புற்றுநோய் உள்ளிட்ட தலை, கழுத்துப் புற்றுநோய்கள் முற்றியவர்களிடம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஓர் ஆய்வு நடத்தி 2022இல் வெளியிட்டது. நிவோலுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், மற்ற மாத்திரைகளுடன் சேர்த்துக் கொடுத்தனர். அம்மருந்து பெறாதோருள் ஓராண்டு கடந்து வாழ்ந்தவர் 16 விழுக்காடு. பெற்றோருள் 43 விழுக்காடு.

நோயாளியின் சொந்த வெள்ளை அணுக்களையே வெளியே எடுத்து, மரபணுவில் மாற்றம் செய்து, புற்றணுவை அடையாளம் காணப் பழக்கி, மீண்டும் உடலில் செலுத்தும் கார்-டி என்னும் முறையும் வந்துவிட்டது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்-19 என்னும் சிகிச்சை, சில வகை இரத்தப் புற்றுநோய்களுக்காக 2023 அக்டோபரில் இந்திய அரசின் ஒப்புதலைப் பெற்றது. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே என்றாலும், சாமானியருக்கு அது இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

இவை மந்திர மருந்துகள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. எல்லாப் புற்றுநோய்க்கும் இவை பொருந்துவதில்லை. இமாட்டினிப் சிலருக்கு வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல் தரும்; கருவுற்ற தாய்மார் இதனை உட்கொள்வது ஆகாது. கட்டவிழ்ந்த காவற்படை சில வேளைகளில் நுரையீரலையும் குடலையும் தாக்குவதுண்டு. ஆகவே மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

கேள்விக்குக் கிடைத்த விடை

இனி, அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். மருத்துவர் அவருடைய பழைய சோதனை முடிவுகளைப் புரட்டிவிட்டு, "இடையில் இரண்டு மாதம் மாத்திரை சாப்பிடவில்லையா?" என்று கேட்டார். சகோதரர் பேசாதிருந்தார். பிறகுதான் உண்மை வெளிவந்தது. உடல் தேறிவிட்டது, இனி மருந்து எதற்கு என்று எண்ணியிருக்கிறார். மேலும் பெங்களூர் வந்து போகும் செலவு, விடுப்பெடுத்தால் இழக்கும் கூலி. நிறுத்திய இரண்டு மாதத்தில் வெள்ளை அணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கியிருந்தன.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். "விசை அடைபட்டிருக்கிறதே தவிர, அழிந்துவிடவில்லை. நீங்களாக மருந்தை விட்டால் அது மீண்டும் திறக்கும். பிறகு இதே மருந்து பலிக்காமலும் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வாருங்கள். ஒரு நாளும் விடாதீர்கள்." நோன்பைப் பற்றி நான் கேட்டேன். இம்மாத்திரை நாளுக்கு ஒருமுறை, உணவோடும் நிறையத் தண்ணீரோடும் உட்கொள்வது. அவருடைய உடல்நிலையைச் சோதித்து, நோன்பு திறந்தபின் உணவோடு உட்கொள்ள இசைந்தார். உடல் தளர்ந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும், மருந்தை விடக்கூடாது என்றும் உறுதி வாங்கினார். இது அவருக்கென்று சொல்லப்பட்ட விடை. ஒவ்வொருவரும் தத்தம் மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

திரும்பி வரும் பேருந்தில் அவர் சொன்னார்: "ஹஜ்ரத், மாத்திரைக்கு வழி இருக்கிறது. வந்து போவதற்குத்தான் வழியில்லை." அச்சொல் என்னை உறங்கவிடவில்லை. உச்சநீதிமன்றம் வரை போராடிப் பெற்ற மருந்து, பேருந்துக் கட்டணத்தில் தடுக்கி விழுந்திருக்கிறது!

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, நோயை மறைக்காதிருத்தல். புற்றுநோய் தொற்றுவதில்லை, அது இழுக்குமல்ல. மார்பில் கட்டி கண்ட சகோதரிகள் வெட்கத்தால் காலம் தாழ்த்துவது உயிருக்கு உலை வைக்கும். பெண் மருத்துவரை நாடிச் செல்லலாமே!

இரண்டாவது, உரிமைகளை அறிதல். தொழிற்சாலையில் பணிபுரிவோர் ஈ.எஸ்.ஐ. அட்டையின் பயனையும், ஏனையோர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பயனையும் கேட்டறிய வேண்டும். எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லும் என்பதை முன்கூட்டியே தெளிந்துகொள்வது, மாநில எல்லை தாண்டிச் செல்லும் நமக்கு மிக அவசியம். பெங்களூரில் 1973இல் நிறுவப்பட்ட கித்வாய் நினைவு மருத்துவமனையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனையும் ஏழை எளியோரை மனத்திற்கொண்டு இயங்குபவை.

மூன்றாவது, ஜமாஅத்தின் கடமை. எங்கள் பள்ளிவாசல் பைத்துல்மாலில், நோயாளிகளின் பயணச் செலவுக்கென ஒரு சிறு தொகையை இப்போது ஒதுக்கியிருக்கிறோம். பெறுபவர் பெயர் முத்தவல்லிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். தொகை பெரிதல்ல. ஆனால் அந்தச் சகோதரர் அதன்பின் ஒரு சோதனையையும் தவறவிடவில்லை. இறையருளால் நலமாக இருக்கிறார், வேலைக்கும் செல்கிறார்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் இப்படி ஒருவர் மாத்திரை அட்டையை மறைத்து வைத்துக்கொண்டு நம்மைக் கடந்து செல்லக்கூடும். அவர் நம்மிடம் கேட்கும் முன்னரே நாம் அவரைக் கேட்டறிவோமாக!